ஸ்போர்ட்ஸ் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், வடசென்னைச் சாலைகளுக்கான பதில்களுடன்

வேகமாக ஓடும் எல்லா காரும் ஸ்போர்ட்ஸ் கார்தானே?

இல்லை. நேராக வேகம் எடுக்கப் பெரிய இன்ஜின் ஒன்று இருந்தால் போதும். இன்றைக்குக் குடும்பத்துக்கு வாங்கும் டர்போ எஸ்.யு.வி.கூட ஜி.என்.டி. ரோட்டில் சீறிக்கொண்டுதான் போகிறது. ஸ்போர்ட்ஸ் கார் வளைவுக்காகச் செய்யப்படுவது. பிரேக் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்பி, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்த நாலைந்து விநாடியில் கார் சொன்னபடி கேட்கிறதா, டயரின் பிடி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஓட்டுபவரின் கைக்கும் இடுப்புக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். குறைந்த எடை, தாழ்ந்த ஈர்ப்பு மையம், இறுக்கமான சஸ்பென்ஷன் எல்லாம் அதற்காகத்தான். நீண்ட பானெட், இரண்டு கதவு, பின்னால் நிற்கும் இறக்கை ஆகியவை இல்லாமலும் ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இருந்தும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகாத வண்டிகள் ஏராளம்.

இன்ஜின் பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. கோவை கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காருக்குள் இருந்தது மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜின்தான். மளிகை வாங்கப் போன அதே மூன்று சிலிண்டர், எடை குறைந்த ஒற்றை இருக்கைச் சட்டகத்தில் உட்கார்ந்ததும் ரேஸுக்குப் போய்விட்டது.

அப்படியானால் ரேஸ் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன வித்தியாசம்?

நம்பர் பிளேட். ஸ்போர்ட்ஸ் காரில் மழை பெய்தால் வைப்பர் ஓடும், பெட்ரோல் பங்க்கில் போய் நிற்கலாம், வீட்டுக்கு ஓட்டி வரலாம். சட்டத்துக்கு இந்த வகையே தெரியாது, ஆர்.சி.யில் ஆல்ட்டோவும் போர்ஷேவும் ஒரே 'மோட்டார் கார்' இனம்தான்.

எத்தனை குதிரைத்திறன் இருக்க வேண்டும்?

அப்படி ஒரு எண் கிடையாது. பலர் அடுத்தபடியாகச் சொல்வது திறன்–எடை விகிதம். அது மட்டும் போதாது என்பதை இந்தக் கணக்கில் பாருங்கள். 1989-இல் வந்த முதல் மஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற இரு இருக்கைத் திறந்த காருக்கு 1.6 லிட்டர் இன்ஜின், 116 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்), எடை சுமார் 950 கிலோ. டன்னுக்கு 122 பி.எஸ். வருகிறது. 1,300 கிலோ எடையுள்ள ஒரு எஸ்.யு.வி.யில் 160 பி.எஸ். டர்போ இருந்தால் டன்னுக்கு 123. எண் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் கார் உலகம் முழுவதும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அளவுகோலாகச் சொல்லப்படுவது. இரண்டாவதை அப்படி யாரும் சொல்வதில்லை.

வித்தியாசம் வளைவில்தான் வெளிவரும். திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு எடை மாறும். எவ்வளவு மாறும் என்பதற்குச் சூத்திரம் எளிது: காரின் எடையை, வளைவு விசையாலும் (ஈர்ப்பு விசையின் மடங்காக) ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, இடது–வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தால் வகுக்க வேண்டும். 1,000 கிலோ கார், மைய உயரம் 0.46 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், வளைவு விசை 0.9 என்றால் 276 கிலோ மாறுகிறது. 1,500 கிலோ வண்டி, உயரம் 0.65 மீட்டர், மற்றவை அதே என்றால் 585 கிலோ. முதல் காரில் மொத்த எடையில் 28 சதவீதம் இடம் மாறியது, இரண்டாவதில் 39 சதவீதம். டயரின் மேல் சுமை கூடுகிற அதே விகிதத்தில் பிடி கூடாது. ஆகவே எடை எவ்வளவு அதிகமாக ஒரு பக்கம் சாய்கிறதோ அவ்வளவு பிடி நட்டம்.

பிரேக்கிலும் இதே கதை. மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த 1,000 கிலோ காரின் பிரேக் சுமார் 386 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். 1,500 கிலோ வண்டிக்கு 579. ஒரு முறை நிறுத்தினால் இரண்டும் நின்றுவிடும். பத்து முறை தொடர்ந்து நிறுத்தினால் கனமான வண்டியின் பெடல்தான் முதலில் பஞ்சாகும்.

எடைக் குறைப்பை எல்லை வரை கொண்டுபோன கார் 1996 லோட்டஸ் எலீஸ். அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் சட்டகம் சுமார் 68 கிலோ; முழுக் காரே 725 கிலோ அளவுதான். 1.8 லிட்டர் இன்ஜினின் 120 குதிரைத்திறன் அதற்கு மிகுதியாகவே இருந்தது.

இன்ஜின் நடுவில் இருந்தால்தான் அசல் என்கிறார்களே?

நடு இன்ஜினால் கிடைப்பது, திரும்பத் தொடங்குவதில் சோம்பல் இல்லாமை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்புவதற்கும், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கும் உள்ள வேறுபாடுதான்: குடம் ஒன்றே, உடம்புக்கு அருகில் இருந்தால் சட்டென்று திரும்பலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் இரு அச்சுகளுக்கு நடுவே இருந்தால் கார் அப்படித் திரும்பும். விலையும் உண்டு. எல்லை மீறினால் சுழல்வதும் அதே வேகத்தில் நடக்கும். சாமான் வைக்க இடம் இருக்காது. பெல்ட் மாற்றுவதற்கே மெக்கானிக் சீட்டுக்குப் பின்பக்கம் பிரிக்க வேண்டியிருக்கும்.

எம்.எக்ஸ்-5-இல் இன்ஜின் முன்னால்தான், ஆனால் முன் அச்சுக்குப் பின்னே தள்ளி வைக்கப்பட்டது. போர்ஷே 911-இல் அது பின் அச்சுக்கும் பின்னே தொங்குகிறது. ஏட்டுக் கணக்கில் தவறான இடம், அறுபது வருடமாக அதைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். மூன்றும் ஸ்போர்ட்ஸ் கார்கள்தான்.

முன்சக்கர இழுவை வண்டி ஸ்போர்ட்ஸ் கார் ஆகுமா?

ஆகும், சிரமப்பட்டு. முன் டயர்கள் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இருப்பது ஒரே பிடி. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கார் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு நேராகப் போகப் பார்க்கும். இடது, வலது சக்கரங்களின் சுற்று வித்தியாசத்தை ஓர் அளவுக்குமேல் விடாத டிஃப்ரென்ஷியல் (லிமிடெட் ஸ்லிப்) போட்டால் உள்சக்கரம் சும்மா சுற்றுவது குறைந்து நிலைமை நன்றாக மாறும். 1989 லோட்டஸ் எலான் முன்சக்கர இழுவைதான். கோவாவில் செய்யப்பட்ட சான் ஸ்டார்ம் இரு இருக்கை வண்டியும் அப்படித்தான், 1.2 லிட்டர் ரெனோ இன்ஜின், 60 குதிரைத்திறன். அதன் வேகத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு, ஆனால் திறந்த கூரை வண்டி ஒன்றை இங்கேயே செய்தது சிறிய காரியம் இல்லை.

ஷோரூமில் 'ஸ்போர்ட் மோட்' பொத்தானை அழுத்திக் காட்டுகிறார்களே?

பெரும்பாலான கார்களில் அது செய்வது மூன்று: ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தாலே அதிகம் திறக்கும், கியர் தாமதமாக மாறும், ஸ்டியரிங் கனக்கும். கனமான ஸ்டியரிங் வேறு, செய்தி சொல்லும் ஸ்டியரிங் வேறு. மின்னணு டேம்பர் (ஷாக் அப்சார்பர்) உள்ள கார்களில் மட்டும் சஸ்பென்ஷனும் இறுகும். பிரேக் காலிப்பருக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மின்சார ஸ்போர்ட்ஸ் கார்?

பேட்டரி தரையோடு கிடப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும், அது நல்லது. எடைதான் தகராறு. எம்.ஜி. சைபர்ஸ்டர் இரு இருக்கைத் திறந்த கார், 510 பி.எஸ்., எடையோ 2 டன்னை ஒட்டியது. நேர்கோட்டில் அதைப் பிடிக்க ஆளில்லை. இரண்டாவது, மூன்றாவது பிரேக்கிங்கில் அந்த 2 டன் தன்னை நினைவூட்டும். எங்கள் கணக்கில் இப்போதைக்கு அது அழகான, அதிவேக நெடுந்தூர வண்டி.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க வேண்டும்?

விற்பனையாளர் காட்டும் நேர்ச்சாலையை விட்டுவிடுங்கள். காலை 6 மணிக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் ஏறுவழி, இறங்குவழி வளைவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 40 கி.மீ. வேகம் போதும், சட்டத்தை மீற வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் உட்காரும் நிலை. ஸ்போர்ட்ஸ் காரில் இடுப்பு தாழ்ந்து, கால் நீண்டு இருக்கும். மணிக்கட்டை ஸ்டியரிங்கின் உச்சியில் வைத்தால் முதுகு சீட்டை விட்டு எழக்கூடாது. அடுத்து, வளைவுக்குள் ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு 10 டிகிரி திருப்புங்கள். மூக்கு உடனே திரும்புகிறதா, அல்லது முதலில் உடல் சாய்ந்து பிறகு திரும்புகிறதா? ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்கு ஸ்டியரிங் 2.5 முதல் 2.7 சுற்று என்றால் விரைவானது. 3-க்கு மேல் என்றால் பெரும்பாலும் குடும்பக் கார்.

வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு வர வேண்டும். நல்ல டேம்பர் உள்ள கார் ஒரே அசைவில் அடங்கும். பின்பக்கம் துள்ளி ஓரமாய் நகர்ந்தால் டேம்பர் ஓய்ந்துவிட்டது அல்லது ஸ்பிரிங் டேம்பருக்குப் பொருந்தவில்லை. கடைசியாக, பிரேக் மிதித்தபடியே வலதுகாலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்ட முடிகிறதா பாருங்கள். கியர் குறைக்கும்போது இன்ஜின் சுற்றைச் சமன் செய்ய இது வேண்டும். பிரேக்கை அழுத்திய நிலையிலும் இரண்டு பெடலும் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், அந்தக் காரைச் செய்தவர்கள் இதை நினைக்கவே இல்லை என்று பொருள்.

தாழ்ந்த கார் நம் வேகத்தடையைத் தாண்டுமா?

சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) சொன்ன அளவில் போட்டால் தாண்டும். அந்த வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். இப்போதைய எம்.எக்ஸ்-5-இன் முன்–பின் அச்சு இடைவெளி 2.31 மீட்டர். நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே ஏறி நிற்கும். நடுவில் அடிப்பாகத்துக்குத் தேவைப்படும் இடைவெளி 39 மி.மீ. மட்டும். 130 மி.மீ. உள்ள கார் கவலைப்பட வேண்டாம்.

தெருவாசிகள் ராத்திரியோடு ராத்திரியாகப் போடும் ஒல்லியான 15 செ.மீ. கான்கிரீட் மேடுதான் எமன். நான்கு சக்கரமும் தரையில் இருக்க, மேடு நடு அடியில் வந்து இடிக்கும். சைலன்சர் இணைப்பும் இன்ஜின் ஆயில் பாத்திரமும் போகும். ஒரு சக்கரம் ஒரு நேரத்தில் ஏறும்படி சாய்வாக எடுங்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் இறக்கிவிடுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் தெருவின் மேட்டை டேப் வைத்து அளந்துகொள்வது உத்தமம்.

எண்ணூர் விரைவுச் சாலைக்கு இன்னொரு எச்சரிக்கை. கன்டெய்னர் டிரெய்லர்கள் தேய்த்த பள்ளமும், உதிர்ந்த போல்ட்டும் ஜல்லியும் அங்கே எப்போதும் உண்டு. 40 தொடர் டயரின் (பக்கச்சுவர் உயரம் டயர் அகலத்தில் 40 சதவீதம்தான்) பக்கச்சுவர் அவற்றைத் தாங்காது. உள்ளே நூல் அறுந்து பக்கத்தில் கொப்புளம் எழும். கொப்புளம் வந்த டயருக்கு ஒட்டு இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

திருவொற்றியூர், காசிமேடு பக்கம் வீடு. உப்புக்காற்றில் கார் என்ன ஆகும்?

மேலே பளபளப்பாக இருக்கும், அடியில் அரிக்கும். பழைய எம்.எக்ஸ்-5-இல் முதலில் போவது கதவுக்குக் கீழே ஓடும் பட்டியின் பின்முனை. துணிக் கூரையின் தண்ணீர் வடியும் துளை தூசியால் அடைத்து, நீர் உள்ளே தேங்கி, உப்போடு சேர்ந்து உள்ளிருந்து தின்னும். அடுத்து ஜாக் வைக்கும் இடம், பிரேக் குழாய்கள், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று. அலுமினியச் சட்டகம் துருப்பிடிக்காது என்று நம்பி விடாதீர்கள். இரும்பு போல்ட் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

வாரம் ஒரு முறை அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். உப்பான போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வடிகால் துளைகளை மெல்லிய நைலான் கம்பியால் குத்திவிடுங்கள். அடிப்பூச்சு போடுவதென்றால் மெழுகு வகை. தடித்த ரப்பர் வகையை ஏற்கெனவே இருக்கும் துருவின் மேல் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு வேகமாக ஓட்டை விழும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையும் இதே வேலையைத்தான் செய்யும்.

மழைக்காலத்தில்?

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள், விவாதமே வேண்டாம். தாழ்ந்த காரில் காற்று உறிஞ்சும் வாயும் தாழ்வாகத்தான் இருக்கும். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் ஏறி மோத, கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்றுபோன காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் இன்ஜினைக் கொல்கிறது. தள்ளி வெளியே எடுத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே மற்றவை.

கையில் ஸ்விஃப்ட் மாதிரி ஹேட்ச்பேக்தான் இருக்கிறது. அதை ஸ்போர்ட்ஸ் காருக்கு நெருக்கமாக்க முடியுமா?

முடியும். வரிசை முக்கியம். பலர் இன்ஜின் ரீமேப்பில் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவதில்) தொடங்கி, பிரேக் இல்லாமல் முடிகிறார்கள்.

டயரில் தொடங்குங்கள். பக்கத்தில் பதிந்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் 5 வருடம் கடந்த ரப்பர் சென்னை வெயிலில் கல்லாகியிருக்கும். அளவை மாற்றினால் மொத்த விட்டம் 2 சதவீதத்துக்கு மேல் நகரக்கூடாது. 185/65 ஆர்15-இன் விட்டம் 621.5 மி.மீ.; 195/55 ஆர்16 போட்டால் 620.9, சரியாகப் பொருந்தும். 17 அங்குலத்துக்குப் போக ஆசைப்படாதீர்கள். மலிவான பெரிய அலாய் கனமாக இருக்கும், ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடை சஸ்பென்ஷனைக் கெடுக்கும்.

அடுத்து பிரேக் ஆயில். டாட் 4 என்ற தர வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும். கடலோர ஈரத்தில் வருடம் ஒரு முறை மாற்றுங்கள், மூடி திறக்காத 1 லிட்டர் டப்பா ஒன்று போதும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து காற்று எடுக்கத் தொடங்குவது வழக்கம். சில கார்களுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். கூடவே நல்ல பிரேக் பேட்.

மூன்றாவது, ரப்பர் புஷ்களும் டேம்பர்களும். 60,000 கி.மீ. ஓடிய காரில் புதிய அசல் புஷ் போட்டாலே கார் பத்து வயது குறைந்தது போலிருக்கும். அதன்பின் அலைன்மென்ட்: டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்) பூஜ்யத்துக்கு அருகில், முன் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அனுமதித்தால் மைனஸ் 1 டிகிரி. எடைக்கு, பூட்டில் கிடக்கும் சாமான்களை வீட்டில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஏ.சி.யைக் கழற்றச் சொல்பவரிடம் மட்டும் ஆலோசனை கேட்காதீர்கள்.

இதெல்லாம் முடித்து, ஒரு வருடம் ஓட்டிய பிறகும் திறன் போதவில்லை என்று தோன்றினால் இன்ஜினைப் பற்றிப் பேசலாம்.

ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினால் தாழ்ந்துவிடும் என்கிறார்களே?

தாழும். ஸ்பிரிங் கடினமாகும், டேம்பர் பழையதே என்பதால் துள்ளும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் கிண்ணத்தை விட்டு நழுவலாம். டேம்பரின் மீதி நீளம் குறைந்து ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டுக்கட்டையில் இடிக்கும். வெட்டாதீர்கள்.

மாற்றங்கள் சட்டப்படி சரியா?

தயாரிப்பாளர் ஆவணத்தில் உள்ள அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தேய்ந்த பாகத்துக்குப் புதிய பேட், புஷ், அதே அளவு டயர் போடுவது பராமரிப்பு. கூரையை வெட்டுவது, சட்டகத்தில் வெல்டிங் வைப்பது குற்றம். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நாளில் கிளைம்மைத் தடுக்கும். பொதுச் சாலையில் பந்தயம் விடுவது தனிக் குற்றம், பிரிவு 189.

பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

சுங்க ஆவணத்தில் உள்ள சட்டக எண், காரில் பொறித்த எண், ஆர்.சி. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சில வண்டிகள் கார்னே என்ற ஏற்பாட்டில் வரி கட்டாமல் தற்காலிகமாக வந்தவை. திரும்பிப் போக வேண்டியவை, விற்கவே முடியாதவை. எண்ணைச் சுற்றி மணல் காகிதம் தேய்த்த தடம், புது வண்ணம் தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.

சரி, எங்கே போய் முழுதாக ஓட்டுவது?

ஒரு காலத்தில் நம் பக்கத்திலேயே இடம் இருந்தது. செங்குன்றம் தாண்டி, சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் 1980களின் இறுதி வரை ரேஸ் நடந்தது. ஃபியட்டும் ஹெரால்டும் ஓடிய களம். பிறகு எல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. அங்குள்ள 3.7 கி.மீ. களத்துக்கு மீஞ்சூர், செங்குன்றம் பக்கத்திலிருந்து வெளிவட்டச் சாலையில் நசரத்பேட்டை வரை வந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் திரும்பினால் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். சொந்தக் காரோடு ஓட்டும் பயிற்சி நாட்கள் அறிவிக்கப்படும்போது பதிவு செய்யுங்கள்.

களத்தில் இறங்கும் முன் ஸ்டெப்னி, ஜாக், தரைவிரிப்பு எல்லாம் இறக்கிவிட்டு, இழுவைக் கொக்கியை முன்னால் திருகி வையுங்கள். முதல் சுற்று மெதுவாக, பிறகு மூன்று நான்கு சுற்று வேகமாக, அதன்பின் பிரேக்கையே தொடாமல் ஒரு சுற்று ஆறவிட வேண்டும். சாதாரணக் காரின் பிரேக்குக்கு அவ்வளவுதான் தாங்கும். டயர் சூடாகி அழுத்தம் 5, 6 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும், அளந்து இறக்குங்கள். வீடு திரும்பும் முன் மறுபடி ஏற்ற மறக்காதீர்கள். வீல் நட்டுகளை முதல் ஓட்டத்துக்குப் பின், சக்கரம் ஆறியதும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். நிறுத்தியவுடன் ஹேண்ட் பிரேக் இழுக்க வேண்டாம்: கொதிக்கும் பேட் டிஸ்க்கில் ஒட்டி ஒரு திட்டு விழும், அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரேக்கிலும் கார் அதிரும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள்.